காட்டு மானுக்கு உடையவர் யாவர்?

2005-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு செலவுச் சட்டம் நிறைவேறிற்று. அதன் பெயர் மிக நீண்டது. நாட்டுப் பாதுகாப்பு, பயங்கரவாதத்தை எதிர்க்கும் போர், ஆழிப்பேரலையால் அழிவுற்றோர்க்கு உதவி ஆகிய மூன்றற்கும் அவசரமாகப் பணம் ஒதுக்கும் சட்டம் என்பது அப்பெயரின் பொருள். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கி எம் கரையூர்களை வாரிச் சென்ற துயரை மறவாத யாம், ஆழிப்பேரலை என்னும் சொல் அப்பெயரில் இருத்தல் கண்டே அதனைப் படிக்கத் தொடங்கினோம். படித்துச் செல்லுங்கால் 6036 என்னும் எண்ணிட்ட பிரிவில், போருக்கும் அலைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாத ஒரு விஷயம் எதிர்ப்பட்டது. வேட்டையாடுதலையும் மீன் பிடித்தலையும் ஒவ்வோர் இராச்சியமும் தன் எல்லைக்குள் தானே ஒழுங்குபடுத்தலாம். அங்ஙனம் ஒழுங்குபடுத்துங்கால் தன் குடிகட்கு ஒரு விதியும் வெளியார்க்கு வேறொரு விதியும் வகுக்கலாம். அது பொதுநலத்துக்கு உகந்ததே என்று அமெரிக்கக் காங்கிரஸ் அவ்விடத்தே கூறுகின்றது.

பெருந்தேரின் பின்னே ஒரு சிறு சப்பரத்தையும் கட்டி இழுத்து விடுவது அந்நாட்டுச் சட்டசபையாரின் பழைய வழக்கம். தனியே விட்டால் நகராத மசோதா, தடுக்க ஒருவருந் துணியாத செலவு மசோதாவோடு சேர்ந்து கரையேறிவிடும். இந்தச் சப்பரத்தைக் கட்டியவர் நெவாடா இராச்சியத்துச் செனட்டர் ஹாரி ரீட் என்பார். மான் ஒன்றைக் கொல்வதற்கும் மீன் ஒன்றைத் தூண்டிலில் எடுப்பதற்கும் காங்கிரஸ் வரை செல்ல வேண்டுமோ என்று வாசிப்போர் நகைத்தல் கூடும். யாமும் முதலில் நகைத்தோம். பின்பு அவ்வொரு பிரிவின் பின்னால் ஏறக்குறைய இருநூறாண்டு வழக்கு வரிசையாக நிற்றலைக் கண்டபோது நகைப்பு நீங்கிற்று.

இதன் வேர் இங்கிலாந்தில் உள்ளது. நார்மானிய மன்னர் காலத்தில் அரச கானகமும் அதில் மேயும் மானும் மன்னனுக்கே உரியன. மான் கொன்றவனுக்கு உயிரோ உறுப்போ போகும். அக்கொடுந் தண்டனையை 1217-ஆம் ஆண்டின் காட்டுப் பட்டயம் நீக்கிற்றேனும், காட்டுயிர் மன்னனது என்ற எண்ணம் நீங்கவில்லை. அமெரிக்கக் குடியேற்றத்தார் மன்னனை உதறியபோது அவனுடைய மான் யாரைச் சேர்ந்தது? மன்னன் எழுந்து சென்ற ஆசனத்தில் மக்கள் அமர்ந்தனர், அவனுக்கிருந்த உரிமை மக்கட்கு வந்தது என்று 1842-இல் நியூ ஜெர்சி இராச்சியத்துச் சிப்பிப் படுகை ஒன்றைப் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் செய்தது. கேட்பதற்கு இனிய தீர்ப்பே. ஆயினும் மக்கள் என்றது எம் மக்களை? அவ்விராச்சியத்து மக்களையா, ஐக்கிய நாட்டு மக்கள் அனைவரையுமா? ஓர் இராச்சியத்துக் குடிகள் மற்றை இராச்சியங்களிலும் குடிகட்குரிய சலுகைகளை அடைவர் என்று அந்நாட்டு அரசியற் சட்டம் சொல்லுகின்றது. அச்சலுகைகளுள் சிப்பி அள்ளுதலும் அடங்குமோ?

அடங்காது என்றார் நீதிபதி புஷ்ராட் வாஷிங்டன், 1823-ஆம் ஆண்டில். நியூ ஜெர்சியின் நீரில் வெளியார் சிப்பி வாரலாகாது என்ற சட்டம் செல்லும் என்பது அவர் முடிவு. 1877-இல் மேரிலாந்துக் குடி ஒருவர் வர்ஜீனியாவின் வேர் என்னும் ஆற்றில் சிப்பி விதைத்தமைக்கு 500 டாலர் அபராதம் விதிக்கப்பட்டதும் சரியென்றே ஆயிற்று. ஆற்றுப் படுகை வர்ஜீனியா மக்களின் கூட்டுச் சொத்து. கூட்டுச் சொத்தில் அயலானுக்குப் பங்கில்லை. இதுவே நெடுங்காலம் நின்ற கொள்கை.

இக்கொள்கையைச் சுயநலம் என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாமைக்கு ஒரு காரணம் உண்டு. அப்பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கக் காடுகளில் நிகழ்ந்தது வேட்டையன்று, சூறை. இருப்புப்பாதையும் பனிக்கட்டி வண்டியும் வந்தபின், ஓரூர்க் காட்டில் சுட்ட பறவை மறுநாள் தொலைவிலுள்ள நகரத்துச் சந்தையில் தொங்கிற்று. வானத்தை மறைத்துப் பறந்த பயணிப் புறா என்னும் இனத்தின் கடைசிப் பறவை 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் சின்சினாட்டி நகரத்து விலங்குச்சாலையில் இறந்தது. காட்டெருமை மந்தைகள் எலும்புக் குவியலாயின. இவ்வழிவைத் தடுக்க முதலில் கை நீட்டியவை இராச்சியங்களே. பருவம் வகுத்தன, எண்ணிக்கை வகுத்தன, லைசென்சு வைத்தன. கனெக்டிகட் இராச்சியம் தன் எல்லைக்குள் கொன்ற வேட்டைப் பறவையை வெளியே அனுப்பலாகாது எனத் தடுத்தது. அத்தடை செல்லும், ஏனெனில் பறவை அவ்விராச்சியத்து மக்களின் உடைமை என்று 1896-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. இராச்சியச் சட்டத்தை மீறிப் பிடித்ததை எல்லை கடத்துவது மத்திய சர்க்காரின் குற்றமுமாம் என்று 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டம் அதற்குத் துணை நின்றது.

உடைமை என்ற அச்சொல்லே பின்னர்த் தொல்லையாயிற்று. கனடாவிலிருந்து தெற்கே பறந்து மீளும் பறவையை மிசூரி இராச்சியம் தன்னுடையது என்று வாதித்தபோது, நேற்று வந்து நாளை போகும் பறவைக்கு உடையவன் யாவன் என்ற கருத்துப்பட நீதிபதி ஹோம்ஸ் 1920-இல் அவ்வாதத்தைத் தள்ளினார். அரிசோனாவில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. அங்குள்ள மத்திய சர்க்காரின் காட்டில் மான்கள் அளவின்றிப் பெருகி மரங்களின் இளந்தளிரை யெல்லாம் தின்று தீர்த்தன. சர்க்கார் ஊழியர் சிலவற்றைச் சுடப் புகுந்தனர். மான் எங்களுடையது, எங்கள் வேட்டைச் சட்டத்தை மீறிச் சுடுவோரைச் சிறை செய்வோம் என்றது அரிசோனா. மரம் எங்களுடையது என்றது மத்திய சர்க்கார். 1928-இல் மரமே வென்றது.

வெளியார் பக்கம் நியாயம் முதன்முதலில் உறுதியாகக் கிடைத்தது 1948-ஆம் ஆண்டில். இறால் அமெரிக்கத் தென்கிழக்குக் கரையோரமாக இடம்பெயர்ந்து செல்வது; அதனைத் தொடர்ந்து படகுகளும் செல்லும். தென் கரோலினா தன் குடிகளின் படகுக்கு 25 டாலரும் வெளியார் படகுக்கு 2,500 டாலரும் லைசென்சுக் கட்டணம் விதித்தது. நூறு மடங்கு! இது கட்டணமன்று, கதவடைப்பு. ஜார்ஜியாவின் மீனவர் வழக்காடினர். கடலிலுள்ள இறாலை ஓர் இராச்சியத்தின் உடைமை என்பது வழக்குமன்றத்தார் வசதிக்காகக் கைக்கொண்ட ஒரு கற்பனையே என்று பிரதம நீதிபதி வின்சன் காட்டி, பிழைப்புத் தேடி வரும் அயலானை அயலான் என்ற ஒரே காரணத்தால் விரட்டலாகாது என்று தீர்த்தார். இத்தீர்ப்பைப் படித்தபோது எம் உள்ளம் மகிழ்ந்தது என்பதை மறைப்பானேன்? யாமும் மீன்பிடிக் குலத்தார்.

ஆனால் மொன்டானா வழக்கு எம் மகிழ்ச்சியைக் குழப்பிற்று. அம்மலை இராச்சியத்தில் எல்க் என்னும் மான் உண்டு. எம் மலைகளில் வாழும் கடமானுக்குச் சுற்றம், ஆயினும் அதனினும் பெரிது. அதனை வேட்டையாட 1975-இல் மொன்டானாக் குடி கொடுக்க வேண்டியது 4 டாலர். வெளியாருக்கு எல்க் மானுக்கென்று தனி லைசென்சே கிடையாது. பல விலங்குகட்கும் சேர்ந்த ஒரு லைசென்சை 151 டாலர் கொடுத்துப் பெற வேண்டும். மறு ஆண்டில் அவை 9-ம் 225-ம் ஆயின. அதே கூட்டு லைசென்சைக் குடிகள் 30 டாலருக்குப் பெறலாம். அன்றியும் வெளியார்க்கு ஆண்டொன்றுக்கு 17,000 லைசென்சுக்கு மேல் இல்லை. மினசோட்டாவினர் சிலரும், வெளியார்க்கு வழிகாட்டிப் பிழைக்கும் மொன்டானாக்காரர் ஒருவரும் சேர்ந்து தொடுத்த வழக்கு 1978-இல் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ந்தது. நீதிபதி பிளாக்மன் அறுவர் சார்பில் எழுதிய தீர்ப்பு மொன்டானாவுக்கு வெற்றி தந்தது. எல்க் வேட்டை பொழுதுபோக்கேயன்றிப் பிழைப்பன்று. ஆதலின் நாட்டை ஒன்றாகப் பிணிக்கும் அடிப்படை உரிமைகளுள் அஃது ஒன்றன்று. ஆண்டு முழுதும் அவ்விலங்கைக் காத்து, வரி கொடுத்து, அது பயிரை மேய்ந்தாலும் பொறுத்திருப்பவர் உள்ளூர்க் குடிகளே என்பதும் தீர்ப்பில் எடைபெற்றது. மூவர் மறுத்தனர். வெளியாரால் நேரும் செலவைக் கணக்கிட்டால் இரண்டரை மடங்கு வாங்கலாம், ஏழரை மடங்கு வாங்கியது எக்கணக்கு என்பது நீதிபதி பிரென்னன் எழுப்பிய கேள்வி. மேலே கண்ட 225-ஐ 30-ஆல் வகுத்தால் அவ்வேழரை வரும்.

உள்ளூர்க் குடியின் வாதத்தை யாம் நூலில் கற்பதற்கு முன்பே காதாற் கேட்டதுண்டு. எம் தாய்ப்பாட்டனார் ஊரில் நாட்டார் கூடிப் பஞ்சாயத்துப் பேசும் மணல்மேட்டில், சிறுகண் வலையோடு வந்த வெளியூர்ப் படகின் தலைவர் ஒருமுறை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தார். அவர், "நாட்டாரே, கடலுக்கு வேலியா போட்டிருக்கிறது?" என்று வினவினார். "வேலி இல்லை தம்பி" என்றார் கிழவர். "நீ அள்ளிக்கொண்டு உன் ஊருக்குப் போய்விடுவாய். அள்ளிய கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் நாங்கள் அல்லவா?" பிளாக்மன் தீர்ப்பின் சாரம் ஏறக்குறைய இதுதான். ஆனால் அடுத்த பருவத்தில் மீன் தெற்கே ஒதுங்கியபோது எம்மூர்ப் படகுகளே தெற்கே சென்றன. அங்குள்ள கரையில் எம்மவர் கேட்டதும் அந்த வேலிக் கேள்வியையே.

ஆகவே பிழைப்புக்கு ஒரு நியாயமும் விளையாட்டுக்கு வேறொரு நியாயமும் என்ற பாகுபாடு எமக்கு ஒப்பாக இருக்கின்றது, முழுதும் ஒப்பன்று. நாலு டாலர் கொடுத்து ஒரு மானை வீழ்த்திப் பனிக்காலம் முழுதும் குடும்பத்துக்கு இறைச்சி சேர்த்து வைக்கும் ஏழை மொன்டானாக்காரனுக்கு அது பொழுதுபோக்கா? வழிகாட்டிக்கு அது தொழிலன்றோ? இன்னொரு பக்கம், கட்டணத்தை உயர்த்தினால் வெளியாரில் நின்று போகிறவன் ஏழையே. செல்வன் எவ்வளவும் கொடுத்து வருவான். மொன்டானாவின் அக்கூட்டு லைசென்சு இக்காலத்தில் 1,000 டாலரைக் கடந்துவிட்டது. மன்னனுடைய மானைக் குடிகளின் மானாக்கிய தேசத்தில், அயலூர் மான் வேட்டை மீண்டும் பணமுடையார் வேட்டையாகிவிடுதல் விந்தையே.

வெளியார்க்கு வேறோர் ஆதரவும் உண்டு. அதனைப் பலர் கருதுவதில்லை. மொன்டானா நிலத்தில் கால் பங்குக்கு மேலும், அரிசோனாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், செனட்டர் ரீடின் நெவாடாவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கும் மத்திய சர்க்காருடையன. அதாவது நாடு முழுவதற்கும் பொது. மேலும் 1937-ஆம் ஆண்டின் பிட்மன் ராபர்ட்சன் சட்டப்படி, துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் தீர்வை, எவ்விராச்சியத்தான் வாங்கினும், இராச்சியங்கட்குக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்காகப் பங்கிடப்படுகின்றது. ஆகவே நியூயார்க்கில் தோட்டா வாங்குகிறவனும் மொன்டானா மானுக்கு ஒரு காசு தந்தவனாகிறான். தன் பொது நிலத்தில், தன் காசும் சேர்ந்து வளர்ந்த மானை அணுகத் தனக்கேன் இத்துணைத் தடை என்று அவன் கேட்டால் விடை எளிதன்று. நிலம் பொதுவாயினும் விலங்கை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் பொதுவில் இராச்சியத்தினது என்பதே அவனுக்குச் சொல்லப்படும் விடை.

மொன்டானா தீர்ப்புக்கு மறு ஆண்டே, 1979-இல், உடைமைக் கொள்கை ஒருவாறு விழுந்தது. ஓக்லகோமாவின் பொடிமீனை டெக்சாஸுக்கு விற்பனைக்குக் கொண்டு சென்றவர் வழக்கில், 1896-ஆம் ஆண்டின் கனெக்டிகட் தீர்ப்பைச் சுப்ரீம் கோர்ட்டு தானே தள்ளிவிட்டது. இராச்சியங்கட்கு இடையிலான வாணிகத்துக்குக் காட்டுயிரும் விலக்கன்று என்றாயிற்று. இந்தச் சிறு பொடிமீனே பின்னர்ப் பெருமானை வீழ்த்தியது. அரிசோனா, தன் இராச்சியமெங்கும் ஆண் எல்க் வேட்டைக்கும், கொலராடோ ஆற்றுக்கு வடபால் கொம்புடைய மான் வேட்டைக்கும், வெளியார்க்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் இல்லை என்று வரம்பு கட்டியிருந்தது. நியூ மெக்சிகோவின் தொழில்முறை வேட்டையாளர்கள், தோலும் கொம்பும் விற்பது வாணிகம் ஆகையால் அவ்வரம்பு வாணிகத் தடையே என்றனர். 2002-இல் ஒன்பதாம் வட்டத்து அப்பீல் கோர்ட்டு அவ்வாதத்தை ஏற்று, இதனினும் மெல்லிய வழியில்லை என்று அரிசோனா மெய்ப்பிக்கட்டும் என்றது. 2004-இல் கீழ்க் கோர்ட்டில் அரிசோனா தோற்றது. இஃது இவ்வளவில் நில்லாது, வேட்டைக்குப் பெயர்போன மேற்கு இராச்சியங்கள் எல்லாம் அஞ்சின. அவ்வச்சத்தின் குழந்தையே 6036-ஆம் பிரிவு.

இடையே ஒன்று. அரிசோனாவின் பழைய எல்க் இனம் வேட்டையால் முற்றும் அழிந்துபோயிற்று. இன்று அங்கு மேய்பவை, வயோமிங் பக்கத்து யெல்லோஸ்டோன் வனத்திலிருந்து 1913-ஆம் ஆண்டு முதல் இரயிலேற்றிக் கொண்டுவந்து விட்டவற்றின் வழித்தோன்றல்கள். ஊராருக்கே உரியது என்று இத்துணை வழக்காடிய மானே வெளியூர் மான்!

2005-ஆம் ஆண்டின் பிரிவு எதனைச் செய்தது, எதனைச் செய்யவில்லை என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். வாணிகம் பற்றிய அதிகாரம் காங்கிரஸினது. காங்கிரஸ் வாளாவிருந்ததைத் தடையென்று கோர்ட்டுகள் பொருள் கொண்டன. 'எம் மௌனத்தைத் தடையாகக் கொள்ளற்க' என்ற பொருளில் காங்கிரஸ் இப்போது வாய் திறந்தது. அவ்வொரு தடை நீங்கிற்று. ஆனால் குடிகளின் சலுகை பற்றிய அரசியற் சட்ட விதி இருந்தவாறே இருக்கின்றது. ஆகையால் 1948-ஆம் ஆண்டின் இறால் தீர்ப்பும் இருந்தவாறே இருக்கின்றது. அலாஸ்காவில் வெளியார் மீனவரிடம் மும்மடங்குக் கட்டணம் வாங்கியது பற்றி 1984-இல் தொடங்கிய வழக்கு கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிற்று. பிழைப்பைப் பற்றிய கேள்வி எளிதில் அடங்குவதன்று. அப்பிரிவில் எமக்கு உறுத்தும் சொல் ஒன்றுண்டு. 'எந்த நோக்கத்துக்காக' உயிர் பிடிப்பதாயினும் இராச்சியம் வேற்றுமை காட்டலாம் என்று அது பரந்து பேசுகின்றது. விளையாட்டு வேட்டை ஒன்றற்கு மட்டும் வரையறுத்திருப்பின் யாம் மறுப்பின்றி ஏற்றிருப்போம். பிழைப்பையும் அதே வலையில் வாரியது மிகை என்பதே எம் எண்ணம்.

அப்பிரிவின் இறுதியில் காங்கிரஸ் சில விலக்குகளைச் சேர்த்துள்ளது. அவற்றுள் ஒன்று, பூர்வ குடிகள் உடன்படிக்கையால் காத்துக்கொண்ட உரிமையை இஃது அணுவளவும் மாற்றாது என்பது. ஊரார், வெளியார் என்ற இரு பெட்டியுள் எதிலும் அடங்காதவர் அவர். வாஷிங்டன் இராச்சியப் பகுதியில் 1854, 1855-ஆம் ஆண்டுகளில் நிலத்தை விட்டுக் கொடுத்தபோது, வழக்கமான இடங்களில் குடியேறினாரோடு ஒப்ப மீன் பிடிக்கும் உரிமையை அவர்கள் விட்டுக் கொடுக்கவில்லை. ஒப்ப என்றால் பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை அவர் பங்கு என்று நீதிபதி போல்ட் 1974-இல் தீர்த்தார். 1979-இல் சுப்ரீம் கோர்ட்டும் பெரும்பாலும் அதனை உறுதிசெய்தது.

எல்க் மானைப் பற்றியும் இத்தகைய வழக்கொன்று பின்னர் எழுந்தது. குரோ இனத்தார் ஒருவர், மொன்டானாவிலுள்ள தம் இனத்து நிலத்திலிருந்து எல்க் மானைத் தொடர்ந்து சென்று, எல்லைக்கு அப்பால் வயோமிங்கின் பிக்ஹார்ன் தேசியக் காட்டில் வீழ்த்தினார். பருவமல்லாக் காலத்தில் லைசென்சின்றிக் கொன்றதாக வயோமிங் அவரைத் தண்டித்தது. அவர் காட்டியது 1868-ஆம் ஆண்டின் உடன்படிக்கை. ஐக்கிய நாட்டின் குடியேறா நிலங்களில் வேட்டையாடும் உரிமை அதில் எழுதப்பட்டிருந்தது. 1890-இல் வயோமிங் ஓர் இராச்சியமாக ஆனவுடனே அவ்வுரிமை மாய்ந்தது என்பது அரசு வாதம். அதற்கு ஆதரவாக 1896-ஆம் ஆண்டின் பழந்தீர்ப்பொன்றும் இருந்தது. 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டின் ஐவர், நால்வர் மறுக்க, அப்பழந்தீர்ப்பைத் தள்ளி, இராச்சியம் பிறந்ததனால் உடன்படிக்கை இறவாது என்றனர். அவர் மான் வீழ்த்திய அந்த இடம் குடியேறிய நிலமா அன்றா என்பது போன்றவற்றை ஆராயும்படி வழக்கை வயோமிங்குக்கே திருப்பி அனுப்பினர்.